இரண்டு விநாடி தண்டனை

திருடர்களைக் கண்டுபிடிப்பதில் யாழ்மொழிக்கு ஒரு நாளும் சிரமம் இருந்ததில்லை. கண்டுபிடித்த பிறகு அவர்களை என்ன செய்வது என்பதுதான் தலைவலி.

குயில் தொலைபேசி நிறுவனத்தின் ஈரோடு அலுவலகத்தில் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கு அவள் தலைவி. கையில் போன் வைத்துக்கொள்ளும் வழக்கம் அப்போது போய்விட்டிருந்தது. காதுக்குப் பின்னால், தோலோடு தோலாக, மிளகு அளவில் ஒரு மணி. காதுமணி என்றார்கள். பேசுவது அதில்தான். வீட்டுக் கதவு திறப்பது, பஸ் ஏறுவது, ஆஸ்பத்திரியில் மருந்து வாங்குவது, ரேஷனில் பருப்பு வாங்குவது எல்லாம் அதை வைத்துத்தான். எங்கோ ஓர் ஊரில் ஏதோ ஒரு நிறுவனம் ஒருத்தரின் இணைப்பைத் துண்டித்துவிட்டது. அவர் தன் வீட்டுக்குள்ளேயே போக முடியாமல் வாசலில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்தார் கொடுத்த இட்லியில் உயிர் வளர்த்து, அப்படியே கோர்ட்டுக்கும் போனார். அதன்பிறகு சட்டமே வந்துவிட்டது: என்ன காரணமானாலும் யாருடைய இணைப்பையும் துண்டிக்கக் கூடாது. நல்ல சட்டம். யாழ்மொழியே அதைப் பாராட்டிப் பேசியிருக்கிறாள்.

ஆனால் சட்டம் வந்த சூட்டோடு திருடர்கள் பாடு கொண்டாட்டமாகிவிட்டது. கடைவீதியில் ஒரு செருப்புக் கடையின் பின்னறைக்குப் போய்த் தலையைக் காட்டினால் போதும், காதுமணியில் எதையோ நிமிண்டி விடுவார்கள். ஆயுசுக்கும் ஓசிப் பேச்சு. ஒருத்தர் நிமிண்டிக்கொண்டால் குடும்பத்துக்கே ஓசி. யார் யார் திருடுகிறார்கள் என்று குயிலுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? போலீசில் புகார் கொடுக்கப் போன ஊழியர், புகாரை எழுதிக்கொண்ட ஏட்டின் பெயரும் அதில் இருப்பதைக் கவனித்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“நம்ம விளம்பரப் பாட்டைப் போட்டு விடலாம்,” என்றார் மண்டல மேலாளர் ரித்தேஷ். சென்னைக்காரர். எதையும் இன்றைக்கே முடித்தாக வேண்டும் அவருக்கு. “திருடன் யார்கிட்ட பேசினாலும் நடுநடுவுல பாட்டு. ரெண்டே நாள்ல ஓடி வந்து கால்ல விழுவான்.”

“காதுக்குள்ள கத்தறது கை நீட்டி அடிக்கிற மாதிரிங்க சார்,” என்றாள் யாழ்மொழி.

“சரி. அவன் பேசறதுக்கு முன்னாடி ‘இவர் ஒரு திருடர்’னு ஒரு அறிவிப்பு?”

“நாம கம்பெனிங்க சார். நீதிபதி இல்லைங்க.”

“பின்ன என்னம்மா பண்றது? மாலை போட்டு வரவேற்கலாமா?”

யாழ்மொழி இதைப் பற்றி ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்தாள். “சட்டம் துண்டிக்கக் கூடாதுன்னுதானுங்க சொல்லுது. பேச்சு எவ்வளவு வேகமாப் போய்ச் சேரணும்னு சொல்லலை. திருடறவங்க பேச்சு எதிர்ல இருக்கறவங்களுக்கு ரெண்டே ரெண்டு விநாடி தாமதமாப் போகட்டும். ஆஸ்பத்திரிக்கு, ஆம்புலன்சுக்கு, தீயணைப்புக்குப் பேசினா தாமதம் கிடையாது. யாருக்கும் வலி இல்ல, அவமானமும் இல்ல. எரிச்சல் மட்டும்தான் வரும்.”

“ரெண்டு விநாடியா? அதுல என்ன ஆகிடப் போகுது?”

“நீங்க ஒரு ஜோக் சொல்லுங்க சார்.”

ரித்தேஷுக்கு ஜோக் சொல்லச் சொன்னால் போதும். ஒரு பல் டாக்டர் ஜோக்கை ஆரம்பித்துக் கைகாலை ஆட்டிச் சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். யாழ்மொழி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ரித்தேஷின் சிரிப்பு மெல்ல வடிந்தது. நெற்றி சுருங்கியது. தான் பிறந்ததே தப்போ என்கிற மாதிரி ஒரு பார்வை வந்த நேரத்தில், அவள் நிதானமாகச் சிரித்தாள்.

திட்டத்துக்கு அப்போதே கையெழுத்தாகிவிட்டது.

அந்த இரண்டு விநாடி ஈரோடு மாவட்டத்தைப் படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது. மஞ்சள் மண்டியில் ஓசிக்காரர்கள் கேட்ட ஏலம் எல்லாம் அடுத்தவருக்கு முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தது. காதுமணி வழியாகப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு டீச்சர், தாளத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லாமல் போனதால் நாலு மாணவிகளை இழந்தார். பெருந்துறையில் ஒரு புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையே நடக்காமல் போயிற்று. இவர் சொன்னதற்கு அந்தம்மா சூடாகக் கொடுத்த பதில் வந்து சேர்வதற்குள் இவர் வேறு நினைப்புக்குப் போய்விடுகிறார். எரிச்சல் தாங்காமல் ஒவ்வொருத்தராக அலுவலகத்துக்கு வந்து, இணைப்பை முறையாக்கிக்கொண்டு போனார்கள். தலைமை அலுவலகம் யாழ்மொழிக்கு ஒரு கேடயம் அனுப்பியது. அவள் அதைப் பிரிட்ஜ் மேல் வைத்தாள். அடிக்காமல், அசிங்கப்படுத்தாமல் திருடர்களைத் திருத்திய ஒரே கம்பெனி எங்கள் கம்பெனி என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டாள். அதில் அவளுக்கு நிஜமாகவே பெருமை.

அந்தப் பெருமையோடு இருந்த ஒரு முற்பகலில்தான் வேட்டி சட்டையோடு ஒருத்தர் உள்ளே வந்து, நடுக்கூடத்தில் நின்று, “இங்க யாருங் அந்த ரெண்டு விநாடி?” என்று கேட்டார்.

எல்லோரும் யாழ்மொழியைக் காட்டினார்கள்.

வந்தவர் பெயர் தரணீஷ். மஞ்சள் தரகர். பெயரைப் பார்த்துச் சின்னப் பையன் என்று நினைத்துவிடக் கூடாது. தரணீஷும் ரித்தேஷும் தலை நரைத்தவர்களின் பெயராகிவிட்ட காலம் அது. இளசுகளுக்குத்தான் பழைய பெயர்கள் திரும்பி வந்திருந்தன. அவர் மகள் பெயர் செல்லாத்தா.

“உக்காருங்கண்ணா,” என்றாள் யாழ்மொழி.

“உக்கார வரலீங் அம்மிணி. நான் திருடுனேனுங். இல்லைங்கல. ஊர்ல எல்லாரும் திருடறப்ப நான் மட்டும் கட்டுனா என்னைய கேனையன்னு நெனைப்பாங்கன்னு திருடுனேன். என்னைய ரெண்டு விநாடி என்னுங், ரெண்டு நாள் கழிச்சுப் பேச வைங்க. எம்பொண்ணு என்னுங் பண்ணுச்சு?”

“என்ன ஆச்சுங்க?”

அவர் உட்கார்ந்தார். செல்லாத்தா மாட்டாஸ்பத்திரியில் டாக்டர். தாராபுரத்தில் காளியண்ணன் என்று ஒரு மாப்பிள்ளை. வீடு கட்டிக் கொடுக்கிற தொழில், தங்கமான பையன். எல்லாம் பேசி முடிந்து, இரண்டு குடும்பமும் கூட்டுப்பேச்சில் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள், செல்லாத்தா மட்டும் ஆஸ்பத்திரியில் இருந்தபடி. கூட்டுப்பேச்சு என்றால் அத்தனை பேர் காதிலும் அத்தனையும் கேட்கும். மாப்பிள்ளை, மரியாதையான பையன் அல்லவா, தேதி வைப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டார்: உங்களுக்கு என்னையப் புடிச்சிருக்குங்களா?

“எம்பொண்ணு பதில் சொல்லுச்சுங். ஆனா அது உங்க ரெண்டு விநாடில மாட்டிக்கிச்சு. அந்தப் பக்கம் சத்தமே இல்ல. எங்கியோ ஒரு சேவல் கூவறது மட்டும் கேக்குது. அப்பறம்தான் ‘புடிச்சிருக்குங்க’ன்னு போய்ச் சேர்ந்துச்சு. அதுக்குள்ள மாப்ளயோட பெரியம்மா, ‘இத்தனை ரோசனை பண்ணிச் சொல்ற புள்ள நமக்கு வேண்டாம்’னு சொல்லி எல்லாத்தையும் எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருச்சுங்.”

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாழ்மொழிக்குச் சிரிப்பு வரவில்லை. திருடியவருக்கு எரிச்சல், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டவள், திருடியவர் வீட்டில் வேறு ஆட்களும் இருப்பார்கள் என்பதை யோசிக்கவே இல்லை. எதிர்ப்பக்கம் கேட்டுக்கொண்டிருந்த தாராபுரத்துக்காரர்களோ குயிலின் ஒழுங்கான வாடிக்கையாளர்கள். அவர்களையும் சேர்த்துத்தான் அவள் தண்டித்திருக்கிறாள்.

ரித்தேஷிடம் போய்ச் சொன்னபோது, “திருட்டு இணைப்புல சம்பந்தம் பேசினது யார் தப்பு?” என்று கேட்டார்.

“செல்லாத்தா எதையும் திருடலைங்க சார். அந்த வீட்டுல பொறந்தாங்க, அவ்வளவுதான்.”

“தண்டனைன்னா பக்கத்துல இருக்கறவங்க மேலயும் கொஞ்சம் தெறிக்கத்தான் செய்யும்.”

“தெறிக்கறது தெரிஞ்சப்பறமும் ஊத்திட்டே இருந்தா அதுக்குப் பேரு வேறைங்க சார்.”

ரித்தேஷ் கையை ஆட்டி அவளை அனுப்பிவிட்டார். ஆனால் மறுநாள் ஒரு செய்திச் சேனலில், ‘இரண்டு விநாடியில் கலைந்த கல்யாணம்’ என்று போட்டதும், அவரே ஓடி வந்தார். “யாழ்மொழி, நீயே தாராபுரம் போ. கம்பெனி சார்புல மன்னிப்புக் கேட்டு, கல்யாணத்தைச் சேர்த்து வெச்சிட்டு வா.” குயில் படம் போட்ட கூடையில் பழம் வேறு வாங்கி வைத்திருந்தார்.

தரணீஷ் அன்று காலையிலேயே வந்து இணைப்பை முறையாக்கிக்கொண்டார். யாழ்மொழி தன் கையாலேயே அந்தக் குடும்பத்தின் தாமதத்தை எடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

தாராபுரத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா ரோஷிணி கூடையை வாங்கி ஓரமாக வைத்தார். “கம்பெனிக்காரங்க எதுக்குங் பொண்ணு ஊட்டுக்குப் பரிஞ்சு பேசறீங்க?”

“பரிஞ்சு பேச வரலீங்கம்மா. செஞ்சதைச் சொல்ல வந்தேன். நீங்க கொல்லைப் பக்கம் போய் நில்லுங்க. நான் இங்கிருந்து என் காதுமணியில தாமதத்தைப் போட்டுப் பேசிக் காட்டறேன்.”

பெரியம்மா சந்தேகத்தோடு கொல்லைக்குப் போய் நின்றார். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். பதில் இல்லை. “ஏனுங், கேக்குதுங்களா? என்னத்த கம்பெனியோ!” என்று அவர் ஆரம்பித்த பிறகு, “சாப்பிட்டேனுங்க” என்று போய்ச் சேர்ந்தது. இரண்டு மூன்று தரம் இப்படி நடந்ததும் பெரியம்மா கோபமெல்லாம் போய்ச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். தன் தங்கையையும் கூப்பிட்டு ஒருமுறை கொல்லையில் நிறுத்திப் பார்த்தார்.

“ஆனா அன்னைக்கு இதவிட நீளமா இருந்தாப்ல தோணுச்சுங்,” என்றார் பிறகு.

“கூட்டுப்பேச்சுல கூடக்குறைய இருக்குங்கம்மா.”

காளியண்ணன் அதுவரை சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். “அப்ப அவங்க ஒடனே சொல்லித்தான் இருக்காங்களா மேடம்?”

“உடனேதானுங்க தம்பி,” என்றாள் யாழ்மொழி.

அவன் முகம் மலர்ந்தது. பெரியம்மா, “வர்ற ஞாயிறு நாங்களே கூட்டுப்பேச்சுல வந்து இன்னொருக்கா கேட்டுத் தேதி வெச்சுக்கறோமுங்,” என்று பாயசம் கொடுத்து அனுப்பினார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வயிற்றில் பாயசம், மனதில் நிம்மதி. யாழ்மொழி செல்லாத்தாவைக் கூப்பிட்டாள். இதுவரை அவளோடு பேசியதில்லை. தான் யார் என்று சொல்லிவிட்டு, “நல்ல சேதிங்க. அவங்க சம்மதிச்சுட்டாங்க. ஞாயித்துக்கிழமை தேதி வைக்கறாங்க,” என்றாள்.

பதில் இல்லை.

எங்கோ ஒரு மாடு கத்தியது. வாளி ஒன்றை யாரோ இழுத்து வைத்தார்கள். பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது.

“சந்தோஷமுங்க,” என்றாள் செல்லாத்தா.

யாழ்மொழி வழக்கம்போல, இரண்டு விநாடி என்று நினைத்துக்கொண்டாள். நினைத்த பிறகுதான் முதுகு நிமிர்ந்தது. அந்த வீட்டின் தாமதத்தைக் காலையில் எடுத்தாயிற்றே. எடுத்தது அவளேதான்.

“அம்மிணி,” என்றாள் மெதுவாக. “உங்க லைன்ல இப்பத் தாமதம் கிடையாது.”

“அப்படிங்களா.”

“அன்னைக்கு இருந்துச்சு.”

“ஆமாங்கக்கா,” என்றாள் செல்லாத்தா. “ரெண்டு விநாடி உங்களுது. மீதி என்னுது.”

அந்தப் பக்கம் குழாயில் கை கழுவுகிற சத்தம் கேட்டது.

“எங்கப்பா நல்லவருதானுங்க,” என்றாள் செல்லாத்தா. “ஆனா கேள்வியும் அவரே கேட்டு, பதிலும் அவரே சொல்லிப்போடுவாரு. ‘கண்ணு, டாக்டருக்குப் படிக்கிறியா? படிப்பே.’ ‘தாராபுரத்துப் பையனைப் பாக்கலாமா? பாக்கலாம்.’ நான் வாயத் தொறக்கறதுக்குள்ள ஊட்டுல எல்லாம் முடிஞ்சிருக்கும். நீங்க அந்தத் தாமதத்தைப் போட்டப்பறம் காதுமணியில அவரால அப்படிப் பேச முடியலீங்க. கேட்டுப்போட்டு நான் சொல்றது வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பாரு. பொறந்ததுல இருந்து இப்பத்தான் அவருகிட்ட நான் ஒரு பேச்சை முழுசாப் பேசி முடிச்சேன். தண்டனைன்னு எல்லாரும் திட்டறாங்க. எனக்கு அது தண்டனையா இல்லீங்க.”

“அன்னைக்கு…”

“அன்னைக்கு மாப்பிள்ளை கேட்டாருங்களா, எவ்வளவு நேரம் சும்மா இருந்தாலும் பழி கம்பெனி மேலதான் போகும்னு தெரியும். அதனால நிம்மதியா யோசிச்சேனுங்க. வேண்டாம்னு தோணுச்சு. அவரு மேல ஒரு குத்தமும் இல்ல. எனக்குத்தான் வேண்டாம். ஆனா ரெண்டு குடும்பமும் காதுக்குள்ள உக்காந்திருக்கறப்ப வாய் அப்படி வரலீங்க. ‘புடிச்சிருக்கு’ன்னு சொல்லிப்போட்டேன். அந்தப் பெரியம்மா எந்திரிச்சுப் போனப்ப, அவங்க வீட்டுக் குலசாமிக்கே ஒரு பொங்கல் வைக்கலாம்னு இருந்துச்சு.”

“நான் போய்ச் சேர்த்து வெச்சுட்டேன்,” என்றாள் யாழ்மொழி ஈனசுரத்தில். உடனேதான் சொன்னாள் என்று அவ்வளவு உறுதியாகக் காளியண்ணனிடம் சொன்னதை நினைத்தால் பாயசம் புளித்தது. கேள்வியும் தானே, பதிலும் தானே. தரணீஷ் செய்வதைத்தானே அவளும் போய்ச் செய்துவிட்டு வந்திருக்கிறாள்.

“சொல்லத்தானுங்க போறேன். கொஞ்ச நாள் கெடைச்சா அப்பாகிட்ட எப்படியும் சொல்லிருவேன். அந்தத் தாமதத்தை மறுபடி போட்டு வுட முடியுங்களா?”

“திருடாதவங்களுக்குப் போட முடியாதும்மா. அப்பா இன்னைக்குக் காலையிலதான் முறையாக்கிட்டாரு.”

“அப்ப நான் போய்த் திருடிட்டு வரட்டுங்களா? அந்தச் செருப்புக் கடை எங்க ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலதான் இருக்கு.”

யாழ்மொழி வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரித்து முடித்ததும் கலக்கமாகிவிட்டது. காசு கட்டுகிற வாடிக்கையாளரின் பேச்சைக் காரணமில்லாமல் நிறுத்தி வைப்பது குற்றம். குற்றம் செய்கிறவர்களைப் பிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம். செருப்புக் கடைப் பின்னறையில் உட்கார்ந்து நிமிண்டுகிறவனுக்கும் தனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்? காங்கயம் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். காங்கயம் தாண்டியதும் தாமதத்தைப் போட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் குயில் நிறுவனத்திலிருந்து இரண்டு குடும்பங்களுக்கும் ஓர் அறிவிப்பு போயிற்று: ‘தங்கள் கூட்டுப்பேச்சு இணைப்பில் ஏற்பட்ட பழுது இன்னும் முழுமையாகச் சரியாகவில்லை. சரியாகும்வரை முக்கியமான கேள்விகள் எதையும் இந்த இணைப்பில் கேட்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம். சிரமத்துக்கு வருந்துகிறோம்.’

“என்னம்மா இது, சரியாயிடுச்சுன்னு சொன்னே?” என்றார் ரித்தேஷ்.

“மேட்டூர் பக்கம் மழைங்க சார்.”

“மழைக்கும் காதுமணிக்கும் என்ன சம்பந்தம்?”

“அதைத்தானுங்க சார் ஆராய்ஞ்சுட்டு இருக்கோம்.”

ஐப்பசி பாதியில் தரணீஷ் மறுபடி அலுவலகத்துக்கு வந்தார். இந்த முறை நடுக்கூடத்தில் நிற்கவில்லை. நேராக யாழ்மொழியின் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். “நல்லா இருக்கீங்களா அம்மிணி?” என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லி முடிக்கிறவரை வாயை மூடிக்கொண்டு அவளையே பார்த்தார். சொல்லி முடித்த பிறகும் கொஞ்சம் காத்திருந்தார்.

“பொண்ணு கல்யாணம் எப்பங்கண்ணா?” என்று யாழ்மொழி பயந்துகொண்டே கேட்டாள்.

“வேண்டாம்னு சொல்லிருச்சுங்.”

“காதுமணியிலயா சொன்னாங்க?”

“நேர்லதானுங். சோறு போட்டுக்கிட்டு இருந்துச்சு. ‘ஏங்கண்ணு, தாராபுரத்துக்காரங்களுக்கு என்ன சொல்லட்டும்?’னு கேட்டேன். உங்க பழுதுல பழகிப் பழகி, இப்பெல்லாம் கேட்டுப்போட்டு ரெண்டு விநாடி வாய் தானா மூடிக்குதுங். எதுக்க உக்காந்து பேசறமேங்கற நெனப்பே இல்லாம சும்மா இருந்தேன். சொல்லுச்சு.”

“என்னங்க சொன்னாங்க?”

“என்னத்தச் சொல்ல… பொறந்ததுல இருந்து உண்டானதெல்லாம் சொல்லுச்சு. ரசம் ஆறிப்போச்சுங்.” அவர் மேல்துண்டை எடுத்து முகத்தை ஒற்றிக்கொண்டார். “ஒண்ணு ரெண்டு இடத்துல எனக்கே வெக்கமாப் போச்சு. நான் அப்படியா பேசிக்கிட்டு இருந்தேன்?”

“மாப்பிள்ளை வீட்டுல?”

“அந்தப் பையன் நேரா மாட்டாஸ்பத்திரிக்கே வந்து கேட்டுச்சாமுங். எம்பொண்ணு நேர்லயே சொல்லிருச்சு. பையனுக்கு வருத்தந்தான். போறப்ப, கூட்டியாந்திருந்த கெடாரிக் கன்னுக்கு ஊசி போட்டுக்கிட்டுத்தான் போயிருக்கு.”

யாழ்மொழி பேனாவை மூடித் திறந்தாள். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. “அண்ணா, அந்தப் பழுது இருக்குதுங்களே…”

தரணீஷ் காத்திருந்தார்.

“சரி பண்ணிப்போட்டீங்களா?” என்றார்.

“இன்னும் இல்லீங்க.”

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“மெதுவாப் பாருங்க அம்மிணி. அவசரமில்லீங்.”